அறுநூற்று மூன்றுக்கு மேல்

எலி விழிப்பது இரவில் என்பதால்
எடெல்காவுக்கும் வேலை இரவில்.
டெப்ரெட்சென் நகரத்து மருத்துவக் கல்லூரி,
அடித்தளம், சிவப்பு பல்பு.
எலிக்குச் சிவப்பு தெரியாது.
அவளுக்கு அது மட்டும்தான் தெரிகிறது.

இருபத்து நான்கு பெட்டிகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு நெம்புகோல், ஒரு குட்டி விளக்கு.
கூரையிலிருந்து தொங்கும் குழாய்
முதுகு வழியாக நுழைந்து
கழுத்துச் சிரையில் போய் முடிகிறது.
அழுத்தினால் பம்பு முனகும்,
நான்கு நொடி.
அவ்வளவுதான் கூலி.

பொருளுக்குப் பெயர் வைக்கவில்லை, எஃப்-14 என்கிறார்கள்.
காவல்துறை கொண்டுவந்த பொட்டலத்தில் டால்பின் படம்:
‘குளியல் உப்பு. உண்ணத் தக்கதல்ல.’
ரயிலடிக் கடையில் அதை வாங்கிய பையன்கள்
குளிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும்.
சட்டத்துக்குத்தான் தாள் வேண்டும்.
அந்தத் தாளில் எலிகள் கையெழுத்திடுகின்றன
முன்னங்காலால்.

கேள்வி எளிது:
இதற்காக நீ எவ்வளவு பாடுபடுவாய்?
முதல் துளிக்கு ஓர் அழுத்து.
அடுத்ததற்கு இரண்டு. பிறகு நான்கு, ஆறு, ஒன்பது.
விலை ஏறும்,
துளி அதே துளி.
எந்த விலையில் காலை எடுக்கிறதோ
அதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
முறிவுப்புள்ளி என்று பெயர்.
முறிவது எது என்று நெறிமுறையில் இல்லை.

ஏழாம் பெட்டிக்கு வெறும் உப்புநீர்.
ஒன்பது வரை அழுத்திப் பார்த்தது,
மீசையைத் துடைத்தது,
மரத்தூளில் குழி பறித்துத் தூங்கிவிட்டது.

பத்தொன்பதுக்கும் உப்புதான், டால்பின் உப்பு.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்களே,
நினைக்கிறது.
தொண்ணூற்றைந்து. நூற்றுப் பதினெட்டு.
தட்டில் தீனி போட்டது போட்டபடி.
இருநூற்றுப் பத்தொன்பது.
நின்று, காலை நக்கி, மறுபடி.
நானூற்று இரண்டு.
எடெல்கா காபியை ஊற்றிவிட்டு மறந்தாள்.
நானூற்றுத் தொண்ணூற்று இரண்டு.
அறுநூற்று மூன்று.

பம்பு முனகியது. விளக்கு எரிந்தது.
திரையில் ஒரு வெற்றுக் கட்டம்.
இதற்கு மேல் என்ன விலை என்று
யாரும் எழுதி வைக்கவில்லை.
இவ்வளவு தூரம் ஒருவர் வருவார் என்று
எண்ணவில்லை போலும்.

நாலு பத்துக்கு போட்டோண்டை எழுப்பினாள்.
“பட்டியல் தீர்ந்துவிட்டது.”
“எலி?”
“தீரவில்லை.”
மறுமுனையில் ஒரு குழந்தை இருமியது.
“மேல் என்று போடு. அறுநூற்று மூன்றுக்கு மேல்.
நல்ல முடிவு, எடெல்கா. தெளிவான முடிவு.”

பம்பு ஊமை. விளக்கு குருடு.
பத்தொன்பது அழுத்திக்கொண்டிருந்தது.
கம்ப்யூட்டர் எண்ணுவதை விட்டிருந்ததால்
அவள் எண்ணினாள், உதடசைத்து,
ஐந்தைந்தாகப் பென்சில் கோடு கிழித்து.

அவள் குடியிருப்பில், மூன்றாம் மாடி வென்ட்செல்
போன கோடையில் இரண்டு நாள் தூங்காமல்
லிஃப்ட்டின் பொத்தான் பலகையைத்
திருகு திருகாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.
எங்கேடா போகணும் என்று கேட்டாள்.
இதோ முடிஞ்சிடும் என்றான்.

ஐந்தே காலுக்கு நின்றது.
குழாயைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்தியபோது
அதன் நெஞ்சு மட்டும்
இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது.
வாலில் மங்கிப்போன எண்ணை
மார்க்கரால் மறுபடி எழுதினாள்.

அறிக்கை மார்ச்சில் அமைச்சகம் போகும்.
ஏப்ரலில் எஃப்-14 சட்டப்படி கெட்ட பொருள்.
மே மாதம் யாரோ ஓர் அணுவை இடம் மாற்றுவார்கள்.
பொட்டலத்தில் டால்பின் இருக்காது,
வேறு ஏதாவது பிராணி.

தாளின் விளிம்பில் அவள் கோடுகள்:
இருநூற்றுப் பதினொன்று, கூலியில்லாமல்.
அதற்குக் கட்டம் இல்லை.
ரப்பரை எடுத்தாள், வைத்தாள்.
ஏழாம் பெட்டி விழித்து, கொட்டாவி விட்டு,
நெம்புகோலை ஒருமுறை தொட்டது, சும்மா.
அதையும் குறித்தாள்:
ஒன்று.